சுவரில் எஃப்40, சாலையில் 959

பழைய சூப்பர்கார் உசத்தியா, புதுசு உசத்தியா என்ற சண்டை எங்கே தொடங்கினாலும் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி 0-100 நேரத்தை, அதாவது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிமீ தொட ஆகும் நேரத்தைத் தூக்கிக்கொண்டு வரும். இன்னொன்று 'பழைய காரில் ஆன்மா இருக்கிறது' என்று வரும். முதல் கட்சி சொல்வது உண்மை, ஆனால் அதில் பேச ஒன்றும் இல்லை. இரண்டாம் கட்சி சொல்வதில் ஏதோ இருக்கிறது, ஆனால் அது என்னவென்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. நான் ரொம்ப நாள் இரண்டாம் கட்சிக்காரன். இப்போது இரண்டிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எண்களை முடித்துவிடலாம். 1990களின் உச்சம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது மெக்லாரன் எஃப்1. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 322 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அது 28 நொடி எடுத்தது. 2023இல் ரிமாக் நெவேரா என்ற மின்சாரக் கார் நின்ற இடத்திலிருந்து 400ஐத் தொட்டு, அங்கிருந்து பிரேக் பிடித்து மறுபடி முழுவதுமாக நின்றது. எல்லாம் சேர்த்து 30 நொடிக்குள். அந்தக் காலத்து ராஜா இன்னும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும்போதே இது ஓட்டத்தை முடித்துவிடுகிறது. வேகத்தில் பழசா புதுசா என்று இதற்கு மேல் யாராவது பேசினால் அது பாசம்.

0-100 நேரத்தை மட்டும் நான் மதிப்பதில்லை. மணிக்கு 100 கிமீ என்பது நொடிக்கு 27.8 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக, அதாவது ஒரு 'ஜி' அளவில், ஒரு கார் சீராக வேகமெடுத்தால் 2.8 நொடியில் அங்கே போய்விடும். அதற்குக் கீழே இறங்க என்ஜினில் குதிரைகளைக் கூட்டிப் பயனில்லை. டயர் சாலையைக் கவ்வ வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், வழுக்காமல் கணினி பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் என்ற நான்கு கதவுக் குடும்பக் காரே இரண்டு நொடிச் சொச்சத்தில் அதைச் செய்கிறது. பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற ஒரு கார் செய்துவிடுகிற வேலையை வைத்து சூப்பர்காரை எப்படி எடை போடுவது?

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. மெக்லாரன் எஃப்1 காருக்கு 627 குதிரைத்திறன், எடை சுமார் 1,138 கிலோ. புகாட்டி வேரான் 2005இல் வந்தபோது 1,001 குதிரைத்திறன், எடை 1,888 கிலோ. வகுத்துப் பாருங்கள். மெக்லாரனுக்கு ஒரு டன்னுக்கு 551, வேரானுக்கு 530. பதிமூன்று வருடம் கழித்து 374 குதிரைகளைக் கூடுதலாகக் கட்டியும், ஒரு டன்னை இழுக்கக் கிடைத்தவை பழையதைவிடக் குறைவு. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம், பழைய கட்சிக்கு ஒரு ஆயுதம் கிடைத்துவிட்டதென்று.

கொஞ்சம் யோசித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 300இல் போகிற காரை 400இல் ஓட்ட வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, சக்தியோ இரண்டே கால் மடங்குக்கு மேல் வேண்டும். பெட்ரோல் எரிந்து சக்கரத்துக்கு வருவதைப் போல இரண்டு மடங்கு சூடாகவே வீணாகிறது, அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். வேரானில் பத்து ரேடியேட்டர்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான். மெக்லாரன் 1998இல் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் 386 தொட்டபோது ஓட்டியவர் ஆண்டி வாலஸ் என்ற பந்தய வீரர். வேரான் 407 போனது. அந்த 21 கிலோமீட்டருக்காகத்தான் இவ்வளவு உலோகமும் தண்ணீரும். அதைவிட முக்கியம், பந்தய வீரர் இல்லாத ஒருவர் ஏசியைப் போட்டுக்கொண்டு அந்த வேகத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வரலாம் என்று அதைக் கட்டினார்கள். அது சின்ன வேலை இல்லை. (2019இல் புகாட்டி சிரோன் அதே தடத்தில் 490 தொட்டது. ஓட்டியவர் அதே ஆண்டி வாலஸ், 21 வருடம் கழித்து. கார் மாறியது, ஆள் மாறவில்லை.)

சரி, நான் சொல்ல வந்தது வேறு. பழசுக்கும் புதுசுக்கும் இன்றைக்கு நாம் போடுகிற சண்டை 1987லேயே நடந்து முடிந்துவிட்டது. ஒரு பக்கம் போர்ஷே 959, மறுபக்கம் ஃபெராரி எஃப்40.

959ஐ இன்றைக்குப் பிரித்துப் பார்த்தால் பழைய கார் என்றே நம்ப முடியாது. 2.85 லிட்டர், ஆறு சிலிண்டர், 450 குதிரைத்திறன். சிலிண்டர்களுக்குக் காற்றுக் குளிர்ச்சி, அதன் மேல் இருக்கும் ஹெட்டுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. நான்கு சக்கர இழுவை, அதிலும் முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்பதைச் சாலையின் நிலைமை பார்த்து எலக்ட்ரானிக்ஸ் பிரித்துக் கொடுக்கும். வேகம் கூடினால் காரைத் தானே தரைக்கு இறக்கும் சஸ்பென்ஷன். அவசரமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி. மக்னீசியச் சக்கரங்களின் ஆரங்கள்கூட உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். 1986இல் பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் முதல் இரண்டு இடமும் இதற்குத்தான். விற்ற ஒவ்வொரு காரிலும் கம்பெனிக்கு நஷ்டம் என்பார்கள், ஆச்சரியம் இல்லை.

எஃப்40 அதற்கு நேர் எதிர். 2.9 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போ, 478 குதிரைத்திறன், எடை 1,100 கிலோ சொச்சம். ஏபிஎஸ் கிடையாது. பவர் ஸ்டியரிங் கிடையாது. பிரேக்குக்கு உதவும் பூஸ்டர்கூடக் கிடையாது, உங்கள் காலில் இருக்கிற பலம்தான் பிரேக். தரையில் கார்ப்பெட் இல்லை. கதவைத் திறக்க உள்ளே கைப்பிடி இல்லை, ஒரு கம்பி தொங்கும், பிடித்து இழுக்க வேண்டும். மணிக்கு 324 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள், 959ஐவிட ஏழெட்டு கிலோமீட்டர் அதிகம். கம்பெனியை நிறுவிய என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது அவர் பார்வையில் வெளிவந்த கடைசிக் கார் அது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

சின்ன வயதில் என் சுவரில் ஒட்டியிருந்தது எஃப்40 படம்தான். 959 படம் ஒட்டிய ஒரு பையனையும் நான் பார்த்ததில்லை. அது தவளை மாதிரி இருக்கும்.

ஆனால் ஜெயித்தது தவளை. இன்றைய சூப்பர்கார்கள் பலவற்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான்கு சக்கர இழுவை, சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கணினி, வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், டயர் காற்றுக் கண்காணிப்பு: எல்லாம் 959 வீட்டுச் சொத்து. எஃப்40 படத்துக்கு மாலை போட்டுவிட்டு எல்லோரும் 959இன் பிள்ளைகளைத்தான் கட்டுகிறார்கள், வாங்குகிறார்கள். புது கார்களில் ஆன்மா இல்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் திட்டுகிற கார் நேற்று வந்ததில்லை, உங்கள் ஹீரோ பிறந்த அதே காலத்தில் பிறந்தது.

டர்போ விஷயத்தை மட்டும் பாருங்கள். எஃப்40இல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. வெளிப்புகையின் வேகத்தில் டர்போ சுழன்று தயாராக வேண்டும், தயாரானதும் முதுகில் உதைத்த மாதிரி வரும். வளைவின் நடுவில் அந்த உதை வந்தால் உங்கள் பாடு. 959இல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: குறைந்த சுழற்சியில் எல்லாப் புகையும் ஒரே டர்போவுக்குப் போகும், அது சீக்கிரம் விழித்துக்கொள்ளும், வேகம் ஏறியதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் காரில் ஃபார்முலா ஒன் பந்தயத்திலிருந்து வந்த 1.6 லிட்டர் என்ஜின். அதில் டர்போவின் அச்சிலேயே ஒரு மின்மோட்டார் இருக்கிறது. புகைக்காகக் காத்திருக்காது, மோட்டாரே சுழற்றிவிடும். 2022இல் அந்தக் கார் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 6 நிமிடம் 35 நொடியில் சுற்றியது. ஒரே கேள்விக்கு மூன்று பதில். முதல் பதில், 'காத்திரு'. நாம் எல்லோரும் காதலித்தது அந்தப் பதிலைத்தான்.

ஏன்? இங்கேதான் எனக்கு அந்த 'ஆன்மா' கொஞ்சம் பிடிபட்டது. பொறியாளர் செய்யாமல் விட்ட வேலையை ஓட்டுகிறவர் செய்ய வேண்டியிருக்கிறது. டர்போ எப்போது விழிக்கும் என்று முன்கூட்டியே கணித்து மிதிக்க வேண்டும். டயர் நழுவப் போவதை ஸ்டியரிங் வழியாகக் கை உணர வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்தால் ஒரு பெருமிதம் வரும். அதற்குத்தான் ஆன்மா என்று பேர் வைத்திருக்கிறோம்.

ஆனால் செய்யாமல் விட்டதிலும் இரண்டு ரகம் இருக்கிறது. எஃப்40 வேண்டுமென்றே விட்டது. லம்போர்கினி மியூரா தெரியாமல் விட்டது. 1966இல் ஜெனீவா கண்காட்சியில் உலகமே வாய் பிளந்து பார்த்த கார், அதன் பொறியாளர்கள் ஜான்பாவ்லோ தல்லாராவுக்கும் பாவ்லோ ஸ்டான்சானிக்கும் அப்போது முப்பதுகூட ஆகவில்லை. வி12 என்ஜினைக் குறுக்காகத் திருப்பி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். இடம் பற்றாததால் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. கியர் பற்கள் தேய்ந்து வரும் உலோகத்தூள் என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வகைகளில்தான் பிரித்தார்கள். பெட்ரோல் டேங்க் முன்பக்கம். வேகத்தில் மூக்கு ஏற்கெனவே மேலே எழும், டேங்க் காலியாகக் காலியாக இன்னும் எழும், ஸ்டியரிங் லேசாகிக்கொண்டே போகும். அழகில் அதற்கு இணை இல்லை என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். அதைப் பொறியியல் சாதனை என்று யாராவது முழுசாகத் தூக்கிப் பிடித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அதன் வாரிசான கவுன்டாக்கைப் பின்னால் எடுக்க, கதவைத் தூக்கிவிட்டு வாசற்படியில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி என்ன சொல்ல!

இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே ஒரு மனிதர் இருக்கிறார், கோர்டன் முர்ரே. மெக்லாரன் எஃப்1ஐ உருவாக்கியவர். 2020இல் டி.50 என்று ஒன்றைக் காட்டினார். எடை ஒரு டன்னுக்குள். 3.9 லிட்டர் வி12, டர்போ இல்லை, நிமிடத்துக்கு 12,100 சுற்று. கிளட்ச் மிதித்துக் கையால் மாற்றும் ஆறு கியர். இதுவரை கேட்டால் பழைய கட்சிக்காரர் என்றுதான் தோன்றும். ஆனால் பின்னால் 400 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மின்விசிறி இருக்கிறது. காருக்கு அடியில் ஓடும் காற்றை அது உறிஞ்சி, தேவைப்படும்போது காரைத் தரையோடு அழுத்தும். 1978இல் பிரபாம் அணிக்காக அவர் செய்த விசிறிக் கார் ஸ்வீடன் பந்தயத்தில் ஜெயித்தது, அதோடு ஒதுக்கி வைக்கப்பட்டது. அந்த யோசனையை 42 வருடம் விடாமல் வைத்திருந்து சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அடியில் காற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார், கியர் மாற்றும் வேலையை மட்டும் மனிதரிடம் விட்டுவைத்தார். எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று யோசித்து முடிவெடுத்த கார் இது. நெவேராவின் 1,914 குதிரைத்திறனைவிட எனக்கு டி.50இன் இந்த 663தான் பெரிதாகத் தெரிகிறது. இது என் ருசி, சண்டைக்கு வராதீர்கள்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு இன்னும் அவிழவில்லை. மெக்லாரன் எஃப்1 காரின் மின்னணுவோடு பேச காம்பாக் (Compaq) என்ற கம்பெனியின் 1990களின் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. புது கணினிகளில் அந்த இணைப்பு அட்டை பொருந்தாததால், பல வருடம் கழித்தும் பழைய மடிக்கணினிகளைத் தேடிப்பிடித்து வைத்திருந்தார்கள். ஏபிஎஸ்கூட இல்லாத காருக்கே இந்தப் பாடு. எதிர்காலத்தையே சுமந்து வந்த 959இன் கதை இன்னும் வேடிக்கை. சிலவற்றில் அந்தச் சிக்கலான, தானே ஏறி இறங்கும் சஸ்பென்ஷனைக் கழற்றி எடுத்துவிட்டு, சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கை மாட்டி ஓட்டுகிறார்கள். நெவேராவில் 2060இல் எதைக் கழற்றிவிட்டு எதை மாட்டுவார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.