ஷீல்டு கொடுத்தது போதும், கதவைத் தட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை, முதல் மார்க் எடுத்த பிள்ளைகளுக்கு நடத்திய பாராட்டு விழாவில் நான் பேசியது இன்னும் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. "நல்ல நாளும் அதுவுமா ஃபெயிலானவன் கதை எதுக்கு?" என்று வாய்ஸ் போட்ட அண்ணனுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு.

நான் கேட்டது ஒன்றுதான். முதல் மார்க்குக்கு பேனர், சால்வை, ஷீல்டு எல்லாம் சரி. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலான பையன்கள் வீட்டுக்கு யார் போனீர்கள்? துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம். அது அவன் அப்பாவுக்குத் தெரியுமா?

இது திருப்பூருங்க. பதினைந்து வயதுப் பையனை வேலை தேடிக்கொண்டு வரும். லீவுக்குத்தானே என்று பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற எடுபிடி வேலைக்குப் போவான். முதல் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துவிட்டால், அப்புறம் அவனைப் பள்ளிக்குத் திருப்புவது குதிரைக் கொம்பு. அதற்கு முன்னால் கதவைத் தட்டணும்.

"அதுக்குத்தான் வாத்தியார் இருக்காரே?" இருக்கிறார். அவர் போன் பண்ணினால் நம்பர் உபயோகத்தில் இல்லை, வாடகை வீட்டை மாற்றிப் போயிருப்பார்கள். எந்த லைன் வீட்டுக்குப் போனார்கள் என்று நமக்குத்தான் தெரியும். கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு கையை விட்டுவிடுகிறது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வரவில்லை என்றதும் எல்லாரும் அரசைத் திட்டினோம். அதில் நம் வீதிப் பிள்ளை யாராவது உண்டா என்று பார்த்தோமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலும் பெற்றோரைத்தான் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருகிறோம்.

என்னையும் ஒன்பதாவதோடு நிறுத்தப் பார்த்தார் அப்பா. எதிர்வீட்டு இட்லிக்கடை அக்கா, கையில் மாவு காயக்காய வாசலில் நின்று, "புள்ளைய நிறுத்துனீங்கன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேனுங்ணா" என்றார். அவ்வளவுதான் செய்தார். அப்பாவுக்கு அந்தக் கடையில் கடன் கணக்கு வேறு இருந்தது!

"வீட்டுக் கஷ்டம் உனக்கென்ன தெரியும்?" தெரியும். அந்தச் சனிக்கிழமைப் பணம்தான் பல வீட்டுக்கு வாடகை. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் பேனருக்கு வசூலாகிற பணம் பரீட்சைக் கட்டணத்துக்கு வசூலாகாதா?

"விளம்பரத்துக்குப் பேசுறா"வாம். மேடையில் மாலை வாங்கிக்கொண்டவர்களுக்கு விளம்பரம் இல்லை, மைக்கை இரண்டு நிமிஷம் பிடித்த எனக்குத்தான் விளம்பரம். இதையே ஒரு ஆம்பளை பேசியிருந்தால் 'சமூக அக்கறை' என்று போட்டோவோடு போட்டிருப்பீர்கள். பரவாயில்லை, குரூப்பில் இருந்து என்னை எடுத்துவிடுவதானாலும் எடுங்கள். எனக்குத் தெரிந்து இன்னும் மூன்று வீடு பாக்கி. அப்பாக்கள் வேலை முடிந்து வர ராத்திரி ஒன்பதாகிவிடும். அந்த நேரத்துக்கு வண்டியோடு வரக்கூடியவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.