ஃப்யூஸ் என்றாலே மெதுவா? ஓர் உண்மை விளக்கம்

கண்டெய்னர் படம் என்பது ஒரு செயலி ஓடத் தேவையான கோப்புகளின் தொகுப்பு; கர்னல் என்பது இயக்க முறைமையின் மையப்பகுதி; ஃப்யூஸ் (FUSE) என்பது கோப்பு முறைமையை கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக ஓட்ட உதவும் வசதி. "கண்டெய்னர் படத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்க, கோப்பு முறைமை கர்னலுக்குள்தான் இருக்க வேண்டும். ஃப்யூஸ் ஒவ்வொரு வாசிப்பையும் மெதுவாக்கும்" என்று பலரும் பகிர்கிறார்கள். இது தவறு.

2005 முதல் லினக்ஸில் இருக்கும் ஃப்யூஸில், கோரிக்கை கர்னலிலிருந்து பயனர்வெளி (கர்னலுக்கு வெளியே ஓடும்) நிரலுக்குப் போய்த் திரும்புகிறது. அந்தச் செலவு உண்மைதான், ஆனால் பொதுவாக மைக்ரோசெகண்ட் கணக்கு. தரவோ நெட்வொர்க்கில் வர மில்லிசெகண்டுகள் ஆகும். முதல் வாசிப்பில் காத்திருப்பது பெரும்பாலும் நெட்வொர்க்குக்காகத்தான். அப்புறம் அதே பக்கம் (தரவுத் துண்டு) கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலில், அதாவது பேஜ் கேஷில், இருக்கும்வரை, வழக்கமான அமைப்பில், மறுவாசிப்பு பயனர்வெளிக்கே போகாது.

சரி, ஃப்யூஸ் எங்கே அடிவாங்குகிறது? ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் திறக்கும் வேலைகளில். அங்கே ஈராஃப்ஸ் (EROFS) போன்ற, கர்னலுக்குள்ளேயே இயங்கும் கோப்பு முறைமைக்கே என் ஓட்டு. ஆனால் லினக்ஸ் 5.19-இல் ஈராஃப்ஸுக்கு வந்த தேவைக்கேற்ற ஏற்றலும், இல்லாத தரவைக் கொண்டுவர ஒரு பயனர்வெளி நிரலைத்தான் நம்பியது! உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் தரவுக்கு மட்டுமே அந்தப் பயணம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: ஃப்யூஸ் நிரல் விழுந்தால் பொதுவாக அந்த மவுண்ட் (அது இணைத்த கோப்பு முறைமை) மட்டும் போகும். கர்னல் பிழை முழு இயந்திரத்தையும் சாய்க்கலாம்.