ரீசெட் அழுத்தினால் எல்லாம் போய்விடாது

"எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து ரீசெட் அழுத்துங்கள், கண்டபடி போட்ட ஃபார்மேட்டிங் மொத்தமும் போய்விடும்" என்று பவர்பாயிண்ட் பற்றிச் சொல்வது பாதிதான் சரி. ரீசெட் வேலை செய்வது லேஅவுட்டோடு (ஸ்லைடின் தயார் அமைப்போடு) வரும் பிளேஸ்ஹோல்டர்களில், அதாவது தலைப்பு, உரை போட ஏற்கெனவே வைத்திருக்கும் பெட்டிகளில் மட்டும்தான். இன்சர்ட் மெனுவில் போய் நாமே போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ், வரைந்த கட்டம், அம்புக்குறி எதையும் அது தொடவே தொடாது. அடுத்தவர் செய்த பிரசன்டேஷன்களில் முக்கால்வாசி குளறுபடி அங்கேதான் இருக்கும்.

எது பிளேஸ்ஹோல்டர், எது தனிப்பெட்டி என்று தெரிய வியூவில் அவுட்லைன் வியூவைத் திறந்து பாருங்கள். ஸ்லைடில் இருக்கும் வரி அங்கே வரவில்லையென்றால் அது பெரும்பாலும் தனிப்பெட்டி, அதிலுள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் இயல்புக்குத் திரும்பும். எழுத்துரு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஹோமில் ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ் போதும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. வேண்டுமென்றே நகர்த்தி வைத்த தலைப்பையும் ரீசெட் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும், நீக்கிய பிளேஸ்ஹோல்டர்களும் காலியாகத் திரும்பி வந்து நிற்கும். அதனால் தயவுசெய்து முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்து ரீசெட் செய்யுங்கள்.