ஒகேனக்கல் சாலைக் குரங்குகளும் ஒரு தூரதேசத்துக் காப்பகமும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தடுப்புச் சுவர் நெடுக நாட்டுக்குரங்குகள் உட்கார்ந்திருக்கும். காரின் வேகம் குறைந்தாலே எழுந்து நிற்கும். கண்ணாடி இறங்கும், இரண்டு வாழைப்பழமோ பாதி தின்ற சிப்ஸ் பொட்டலமோ வெளியே வந்து விழும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், அப்பா கைப்பேசியில் படம் எடுப்பார். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆஞ்சநேயரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் பழம் வைக்கிற பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பக்தியில் எனக்குக் குறையே இல்லை. ஆனாலும் தயவுசெய்து இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். பெங்களூரு வேலையை விட்ட பிறகு, தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டின் மழைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு காப்பகத்தில் சில காலம் தன்னார்வலராக வேலை செய்தேன். வீடுகளிலும் சந்தைகளிலும் இருந்து மீட்கப்பட்ட குரங்குகளுக்கான இடம் அது. சர்க்கஸில் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்று 2009இலேயே சட்டம் போட்ட நாடு பொலிவியா. அப்படியிருந்தும் குரங்குக்குட்டியை வாங்கி வீட்டில் வளர்க்கும் ஆசை அங்கே இன்னும் ஓயவில்லை.

அங்கே சிலந்திக் குரங்குகள் உண்டு. கருத்த உடம்பு, நீண்ட கைகால். கையில் கட்டைவிரல் கிடையாது. அந்தக் குறையை வால் ஈடுகட்டுகிறது. வால் நுனியின் அடிப்பக்கத்தில் முடி இல்லாமல், நம் உள்ளங்கையைப் போல ரேகை ஓடிய வெறும் தோல் இருக்கும். என் பொறுப்பில் இருந்த கூண்டில் ஒரு பெண் குரங்கு. இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு. அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்கவே இல்லை. காலையில் நான் கூண்டைக் கழுவப் போனால் கம்பிக்கு வெளியே வாலை நீட்டி என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோலின் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அதைக் கடைப்பிடிப்பதைப்போலக் கடினமான வேலை எதையும் நான் செய்ததில்லை.

விதிக்குக் காரணம் இருக்கிறது. சிலந்திக் குரங்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். குட்டி தாயின் உடம்பை விட்டுப் பிரியாது. ஆகவே சந்தைக்கு ஒரு குட்டி வர வேண்டுமென்றால் பெரும்பாலும் தாயைச் சுட்டு வீழ்த்தியிருப்பார்கள். வாங்கியவர்கள் அதைச் செல்லமாகத்தான் வளர்க்கிறார்கள். குட்டி பெரிதாகிக் கடிக்கத் தொடங்கியதும் கயிறு, அப்புறம் கூண்டு, அப்புறம் காப்பகம். அதற்குள் அதற்குத் தன் இனத்தோடு பழகத் தெரியாமல் போய்விடுகிறது. எந்தக் கொம்பு தாங்கும், எந்தக் காயைத் தின்னக் கூடாது, கூட்டத்தில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் தாயின் முதுகில் இருந்தபடி படிக்க வேண்டிய பாடங்கள். மனிதக் கை அதைச் சொல்லிக்கொடுக்காது. நோயும் நம் மூலமாகவே போகிறது. நம் உதட்டில் கொப்புளம் போட்டு ஆறிவிடும் அக்கி வைரஸ் அங்குள்ள சில குரங்கு வகைகளைக் கொன்றே விடும். காசநோயும் நம்மிடமிருந்து குரங்குகளுக்குத் தொற்றும். அங்கே வளர்ந்த குரங்குகளில் பல இனி ஒருநாளும் காட்டுக்குப் போகப்போவதில்லை. காடு வேலிக்கு மறுபுறம்தான் இருந்தது, ஊளைக்குரங்குகளின் குரல் விடியற்காலையில் அந்தப் பக்கமிருந்து வரும். கூண்டில் இருப்பவை தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒகேனக்கல் சாலைக் குரங்குகளை என்னால் முன்புபோலப் பார்க்க முடியவில்லை. நம்முடைய நாட்டுக்குரங்கு இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இயல்பாக வாழ்வதில்லை. நாம் தெருவுக்குத் தெரு பார்ப்பதால் ஏராளமாக இருப்பதாக நினைக்கிறோம். உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகவே அதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தாயோடும் தங்கைகளோடும் ஆயுள் முழுக்க இருக்கும். கடுவன்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். அப்படிப்பட்ட குடும்பத்தை ஒரு பழத்துக்காகச் சாலையின் நடுவே இறக்குகிறோம். லாரி வரும் வளைவில் தாய் அடிபட்டால், வயிற்றைப் பிடித்திருந்த குட்டி செத்த உடம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது பரிதாபப்பட்டு வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். பொலிவியாவில் துப்பாக்கி செய்ததை இங்கே வாழைப்பழம் செய்கிறது. இதைக் கோபத்தில் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

விவசாயிகளைப் பற்றிப் பேசாமல் குரங்கைப் பற்றி மட்டும் பேசினால் அது நியாயமாகாது. நிலக்கடலைக் காட்டில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு காலைப்பொழுது போதும். செடியைப் பிடுங்கி, நான்கு காயைத் தின்று, அடுத்த செடிக்குப் போய்விடும். தென்னையில் குரும்பையை உதிர்த்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் பெரியம்மா குரங்குக்குப் பயந்து கொல்லையில் காய்கறி போடுவதையே விட்டுவிட்டார். “நீ அந்தக் குரங்குகளுக்காகப் பேசுகிறாயே, எனக்காக யார் பேசுவது?” என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி.

ஆனால் அதற்குப் பதிலாகச் செய்யப்படுவது என்ன? கூண்டு வைத்துப் பிடித்து, வண்டியில் ஏற்றி, தூரத்துக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். கூண்டுக்குள் அகப்பட்டவை போய்விடும், அகப்படாத பாதிக் கூட்டம் ஊரிலேயே தங்கும். விட்ட இடத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தால் சண்டை. சோற்றுக்கும் பழத்துக்கும் பழகியவை மறுபடி மனிதர் நடமாடும் இடத்தைத் தேடித்தான் இறங்கும். ஒரு ஊர் தன் தொல்லையை அடுத்த ஊரின் தலையில் கட்டியதுதான் மிச்சம். இதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் காடு இல்லாமல் இல்லை. 2014இல் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. சாலையோரத்து ஆலும் அத்தியும் புளியும்தான் குரங்குகளுக்குச் சாப்பாடும் இரவில் தங்குமிடமும். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுபவை அவைதான். மைசூரைச் சுற்றியுள்ள சாலைகளில் 1989க்கும் 2009க்கும் இடையே நாட்டுக்குரங்குகள் வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எஞ்சியிருக்கும் மரங்களையாவது விட்டுவைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் அழகுச் செடி நட்டுக் கணக்குக் காட்டாமல் அத்தியும் ஆலும் நட வேண்டும். பரிசல் துறையிலும் மீன் வறுவல் கடைகள் பக்கத்திலும் குரங்கு திறக்க முடியாத மூடியோடு குப்பைத்தொட்டிகள் வேண்டும். பயிர் இழப்புக்கு நிவாரணம் அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும்.

நாட்டுக்குரங்கை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாயை இழந்த குட்டியைப் பார்த்தால் எடுத்துக் கொஞ்ச வேண்டாம். பாலும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம். முதலில் கூட்டம் அருகில் இருக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மற்றொரு மந்தி வந்து தூக்கிக்கொள்ளவும் கூடும். யாரும் வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாயும் வண்டியும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி பிடித்துக்கொள்ள ஒரு பழைய துண்டை அருகில் போட்டால் போதும்.

நீலகிரி எல்லையில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒகேனக்கல் சாலையில் காடு தொடங்கும் இடத்தில், குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்று ஒவ்வொரு வண்டிக்கும் வாய்விட்டுச் சொல்ல விடுமுறை நாட்களிலாவது இரண்டு பேரை நிறுத்தும்படி மாவட்ட நிர்வாகத்தையும் வனத்துறையையும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நிற்க உள்ளூர் இளைஞர்கள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என் நண்பர்களையும் அழைத்து வருகிறேன்.