வாசலுக்கு வர ஆள் இல்லை, வானத்தில் பார்சல் வருமாம்

ட்ரோனில் பார்சல் வீடு தேடி வரப்போகிறது என்று யாராவது பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு பைக்கிலேயே பார்சல் வருவதில்லை. ரோடு இருக்கிறது, நல்ல தார் ரோடு. மீன் ஏற்றுகிற வண்டி வருகிறது, தண்ணீர் லாரி வருகிறது, டிவிஎஸ் எக்ஸெல்லில் கோலமாவு விற்பவர் வருகிறார். கூரியர் மட்டும் வராது.

போன வாரம் அம்மாவுக்கு சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் ஆர்டர் போட்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் இருந்து அம்மா திண்ணையை விட்டு நகரவே இல்லை. பனை ஓலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு பெட்டி முடைந்துகொண்டிருந்தார். மதியம் என் போனுக்கு மெசேஜ் வருகிறது: 'டெலிவரிக்கு முயன்றோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.' யார் முயன்றது? எந்த வீட்டுக்கு வந்தார்கள்? போன் போட்டுக் கேட்டால், "அண்ணே, உச்சிப்புளி பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கங்க, இல்லாட்டி ரிட்டர்ன் போட்டுருவேன்" என்கிறான் அந்தத் தம்பி. சில சமயம் அதுவும் கிடையாது, ராமநாதபுரம் ஆபீசுக்கே வரச் சொல்வார்கள். டெலிவரி சார்ஜும் நான் கட்ட வேண்டும், பஸ் ஏறிப் போவதும் நானா? இதில் பார்சலைக் கண்ணில் காட்டும் முன்பே ஓடிபி சொல்லு என்பார்கள். சொன்ன மறு நிமிஷம் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று மெசேஜ் வந்து நிற்கும், பார்சல் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் அவனுக்குக் கூலி, பெட்ரோல் அவன் கைக்காசு. ஒற்றைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து திரும்பினால் அவனுக்கு நட்டம்தான். அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய கம்பெனி அதை அவன் தலையிலும் என் தலையிலும் கட்டிவிட்டு, மேடையில் ட்ரோன் கதை பேசுகிறது.

அந்தக் கதையும் இன்று நேற்று தொடங்கியதில்லை. 2013 டிசம்பரில் அமேசானின் ஜெஃப் பெசோஸ் டிவியில் உட்கார்ந்து, நாலைந்து வருடத்தில் வந்துவிடலாம் என்றார். அமெரிக்காவில் அமேசான் ட்ரோனில் வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்ததே 2022 கடைசியில்தான், அதுவும் கலிபோர்னியாவில் ஒரு சிற்றூரிலும் டெக்சாஸில் ஒரு ஊரிலும். கலிபோர்னியாவில் தொடங்கிய இடத்தை 2024இல் மூடிவிட்டார்கள். டெக்சாஸில் சத்தம் தாங்கவில்லை என்று ஜனங்கள் புகார் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அது தூக்குவது இரண்டேகால் கிலோ. ஒரு மிக்ஸி வாங்கினால் அதில் வராது.

சரி, எங்கள் காற்றை இவர்களில் யாராவது பார்த்திருக்கிறார்களா? பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள், பழைய பாலத்தில் காலங்காலமாக இருந்த விதி அது. கடையில் விற்கிற சாதாரண ட்ரோன் நொடிக்கு 10, 12 மீட்டர் காற்று வரைக்கும்தான் தாங்கும். மணிக்கு என்று கணக்குப் போட்டால் 36இல் இருந்து 43 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் இங்கே மணல் முகத்தில் அறையும், பைக்கை நேராகப் பிடித்து ஓட்ட முடியாது. அது ஓய்ந்து கொஞ்ச நாளில் வாடையும் மழையும் வந்துவிடும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். எதிர்காற்றில் முண்டி முண்டியே பேட்டரி தீர்ந்துபோகும். அதற்கு மேல் உப்புக்காற்று இருக்கிறது. ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற உப்பு, மோட்டாரையும் சர்க்யூட்டையும் சும்மா விடுமா?

அப்புறம் வானம் யாருடையது என்று ஒரு கேள்வி. உச்சிப்புளியிலேயே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. தனுஷ்கோடியில் இருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் இலங்கைக் கடல் எல்லை. 2021இல் வந்த ட்ரோன் விதிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பிரித்து வைத்திருக்கின்றன. பச்சையில் 400 அடி வரைக்கும் தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம், மற்றதற்கு அனுமதி வாங்க வேண்டும். கல்யாண வீட்டில் ட்ரோன் கேமரா விடுகிறவர்களே இந்தப் பக்கம் பயந்து பயந்துதான் விடுகிறார்கள். இதில் தினமும் நூறு பார்சல் பறக்குமாம்.

பறந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம், எங்கே இறக்கும்? எங்கள் ஊரில் கதவு எண்ணைச் சொல்லி யாரும் வீட்டைக் கண்டுபிடிப்பதில்லை, பள்ளிவாசலுக்குப் பின்னாடி வேப்பமரத்து வீடு என்றால்தான் தெரியும். இப்போது தபால் துறை 2025இல் டிஜிபின் கொண்டு வந்துவிட்டது, நாடு முழுக்க ஏறக்குறைய நாலுக்கு நாலு மீட்டர் கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டு வாசல் கட்டத்துக்கு மேலே கரண்டுக் கம்பி போகிறது, பக்கத்தில் தென்னை மட்டை ஆடுகிறது, கீழே வலையை விரித்துக் கருவாடு காயப் போட்டிருக்கிறது, அதைச் சுற்றிக் காக்காய்க் கூட்டம். பார்சலை வாங்கிக் காசு கொடுக்கிறவர்கள்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர், அவர்கள் ட்ரோனிடம் காசை எப்படிக் கொடுப்பார்கள்? சேலை கிழிந்திருந்தால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ட்ரோனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணிப்பூரில் 2021இல் பிஷ்ணுப்பூரில் இருந்து லோக்தாக் ஏரிக்குள் இருக்கும் கராங் தீவுக்குத் தடுப்பூசி கொண்டுபோனார்கள், 15 கிலோமீட்டரைக் கால் மணி நேரத்துக்குள் கடந்தது. ருவாண்டாவில் 2016இல் இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் போகிறது. 2022 மே மாதம் குஜராத்தின் கட்ச் பக்கம் தபால் துறை 46 கிலோமீட்டர் அனுப்பிப் பார்த்தது, 25 நிமிஷம் ஆனது. இதில் ஒன்றாவது வீட்டு வாசலில் சேலையும் செருப்பும் போட்டதா? எல்லாமே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் ஆள் நின்று வாங்கிக்கொண்டவை. அப்படி ஒன்றை இங்கே கொண்டு வாருங்கள், கைதட்டி வரவேற்கிறேன். ராமேஸ்வரத் தீவில் ஒருவருக்கு ராத்திரியில் அவசரமாக ரத்தம் வேண்டும் என்றால் ராமநாதபுரத்தில் இருந்து பறந்து வரட்டும், காற்று வழிவிடுகிற நாளிலாவது வரட்டும். உயிர் போகிற காரியத்துக்கு அந்தச் செலவு தகும்.

எங்கள் ஊருக்குத் தபால்காரர் வருகிறார். மழையிலும் வருகிறார், ஆடிக் காற்றிலும் வருகிறார். முதியோர் பென்ஷனை வாசலில் கொடுத்துக் கைரேகை வாங்கிக்கொண்டு போகிறார். அம்மாவின் பெயரும் தெரியும், அம்மா எந்த நேரத்தில் எந்த வீட்டில் இருப்பார் என்பதும் தெரியும். கிராமங்களில் இந்த வேலையைச் செய்கிற கிராமிய தாக் சேவக்குகளை அரசாங்கம் இன்னும் நிரந்தர ஊழியர்களாகச் சேர்க்கவில்லை, ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரக் கணக்கில் படி கொடுக்கிறது. ட்ரோனுக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? தனியார் கம்பெனிகள் எங்கள் பின்கோடுக்கு ஆர்டர் எடுக்கிறீர்களா, எடுங்கள். உச்சிப்புளியில் ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போடுங்கள், பெட்ரோல் காசு கொடுங்கள், 'வீட்டில் இல்லை' என்று பொய் மெசேஜ் அனுப்பினால் டெலிவரி சார்ஜைத் திருப்பிக் கொடுங்கள். அதைக்கூடச் செய்ய முடியாதென்றால், 'உங்கள் ஊருக்கு வர மாட்டோம்' என்று ஆர்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள், ஸ்ட்ரிப்பை நானே டவுனில் போய் வாங்கிக்கொள்கிறேன்.