கர்நாடக இசையை எழுதும் முறை வெள்ளைக்காரர் தந்ததா?

“நம் பாட்டுக்கு எழுத்தே கிடையாது, காதால் கேட்டுத்தான் வந்தது. ச ரி க ம என்று ஸ்வரம் எழுதுவது வெள்ளைக்காரரிடம் கற்ற பழக்கம், பிள்ளைகளுக்கு அது வேண்டாம்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. காதால் கேட்டுக் கற்றோம் என்பது உண்மை. மற்றது தவறு.

புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டின் கிரந்த எழுத்தில் ஏழு ராகங்களுக்கு ஸ்வரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரம் உயிரொலி மாறி வருகிறது. ருத்ராசாரியரின் சீடரான அரசர் ஒருவர் ‘மாணவர் நலனுக்காக’ இதைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பாடம் சொல்லித் தரத்தான் அந்தப் பாறை!

அப்புறம் 1904இல் எட்டயபுரத்தில் இசை அறிஞர் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற நூலை வெளியிட்டார். வெறும் ஸ்வரத்தோடு நிறுத்தாமல் கமகங்களுக்கும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதங்களுக்கும், தனித்தனிக் குறிகள் கொடுத்தார்.

இன்றைய முறையும் எளிதுதான். ஸ்வர எழுத்தின் மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி (உயர்ந்த குரல் நிலை), கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி (தாழ்ந்த நிலை). ஸ்வரத்தை நீட்டுவதற்குக் காற்புள்ளி ஓர் அட்சரம் (தாளத்தின் ஒரு சிறு அளவு), அரைப்புள்ளி இரண்டு. தொடக்கப் பாடமான சரளி வரிசை படிக்கும் குழந்தை பாடியதைத் தானே எழுதிப் பார்த்தால், தாளம் எங்கே நழுவியது என்பது அதன் கண்ணிலேயே படும். கமகத்தின் அசைவை மட்டும் குருவின் குரலில்தான் பிடிக்க வேண்டும்.