எண் ஏறினால் யாருக்கு வேலை நிற்கிறது?

2024 மே 29 அன்று டெல்லியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. இந்தியாவில் அதுவரை பதிவான எந்த வெப்பநிலையும் அதற்குக் கீழேதான். அன்று மாலைக்குள் அந்த எண் உலகச் செய்தியாகிவிட்டது. ஆனால் டெல்லியின் மற்ற நிலையங்களில் அன்று பதிவானது 45.2 முதல் 49.1 டிகிரி வரைதான் என்பதால் வானிலைத் துறை உடனே ஆட்களை அனுப்பிக் கருவியைச் சோதித்தது. உணரி ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று சில நாட்களிலேயே வெளிப்படையாக அறிவித்தது. அப்போது பலர் துறையைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஓர் எண்ணின் மீது ஐயம் வந்தால் செய்யவேண்டியது அதுதான், அதைச் செய்தார்கள்.

நம் அரசுக்குச் சுற்றுச்சூழலை அளக்கத் தெரியாது என்று முகநூலில் அடிக்கடி எழுதப்படுவதை நான் ஏற்பதில்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். வானிலைத் துறை 1875 முதல் இயங்குகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை 1987 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காடுகளின் நிலை குறித்த அறிக்கையை வெளியிட்டு வருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1984-இல் காற்றுத் தரக் கண்காணிப்பைத் தொடங்கியபோது வாரத்திற்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 அளவீடுகள் என்ற கணக்கில் ஆட்கள் கையால் வடிதாளை எடை போட்டுப் பார்த்தார்கள். இன்று மணிக்கு மணி கணக்கிடும் தானியங்கி நிலையங்கள் டெல்லியில் மட்டுமே ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. என் வழக்கு அளவீட்டோடு அல்ல. எண் கையில் வந்த பிறகு அது யாரை எழுப்புகிறது, யாரைத் தூங்க விடுகிறது என்பதே நான் கேட்க விரும்புவது.

அத்தகைய நிலையமொன்றின் கருவிப் பெட்டியை ஒருமுறை திறந்து காட்டினார்கள். கூரைக்கு மேல் நீட்டிய குழாய் காற்றை உள்ளிழுக்கிறது. பெரிய துகள்கள் முகப்பிலேயே கழிந்துவிட, மீதி கண்ணாடி இழையால் ஆன ஒரு வெள்ளைப் பட்டையில் வந்து படிகிறது. அந்தப் படிவின் ஊடாகப் பீட்டா கதிர் எவ்வளவு குறைந்து மறுபக்கம் வருகிறது என்பதை வைத்துத் துகள்களின் எடை கணக்கிடப்படுகிறது. பட்டை நகர நகர, அதில் பொட்டு வைத்தது போல வட்டங்கள் வரிசையாக விழுந்துகொண்டே போகின்றன. ஜூலை மாதத்துப் பொட்டுகள் வெளிறியிருக்கும், நவம்பர் மாதத்துப் பொட்டுகள் பழுப்பேறிக் கறுத்திருக்கும் என்று அங்கிருந்த இளைஞர் சொன்னார். கருவியின் முகப்பு தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும், மரங்களுக்கு அருகில் இருக்கக்கூடாது என்றெல்லாம் வாரியத்தின் விதிகள் உண்டு. டெல்லியில் பல நிலையங்கள் அவ்விதிகளின்படி அமையவில்லை என்று கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025-இல் சட்டமன்றத்திலேயே வைக்கப்பட்டது. இது திருத்தக்கூடிய குறை. இதைப் பிடித்துக்கொண்டு எல்லா எண்ணும் பொய் என்பது வீண் பேச்சு.

இந்த எண்களிலிருந்துதான் காற்றுத் தரக் குறியீடு பிறக்கிறது. 2015-இல் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்த அந்தக் குறியீடு 500 வரைதான் போகும். அதற்கு மேல் எவ்வளவு கெட்டாலும் அது காட்டாது. டெல்லியைப் பொறுத்தவரை குறியீடு 200-ஐத் தாண்டினால் முதல் நிலை, 300-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 400-க்கு மேல் மூன்றாம் நிலை, 450-க்கு மேல் நான்காம் நிலை என்று படிப்படியாகக் கட்டுப்பாடுகளை விதிக்கும் திட்டம், எல்லோரும் 'கிராப்' என்று சொல்வது, 2017-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தால் அறிவிக்கப்பட்டது. முன்கணிப்பை வைத்து மூன்று நாட்கள் முன்னதாகவே கட்டுப்பாடுகளைக் கொண்டுவரலாம் என்று 2022-இல் அது திருத்தவும் பட்டது. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் 2024 நவம்பர் 13 அன்று குறியீடு 418-ஐத் தொட்டபோது மூன்றாம் நிலை வரவில்லை. 15-ஆம் தேதி காலைதான் வந்தது. நான்காம் நிலை 18-ஆம் தேதி வந்தது; அன்று குறியீடு 494. முன்கணிப்பு கையில் இருக்கும்போது ஏன் காத்திருந்தீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. எங்கள் அனுமதியின்றி நான்காம் நிலையைத் தளர்த்தக்கூடாது என்றும் உத்தரவிட்டது. கண்காணிப்புக்கென்றே நாடாளுமன்றம் 2021-இல் சட்டம் இயற்றி அமைத்த ஓர் ஆணையம் இருக்க, தினசரி நிர்வாகத்தை நீதிபதிகள் நடத்தவேண்டி வந்தது.

சரி, நிலை அறிவிக்கப்பட்டதும் முதலில் என்ன நிற்கிறது? கட்டுமானம் நிற்கிறது, அதாவது கட்டடத்தில் கல் சுமப்பவரின் அன்றைய கூலி நிற்கிறது. தொழிலாளர் நல வரி நிதியிலிருந்து அவர்களுக்குப் பிழைப்பூதியம் தரவேண்டும் என்று அதே நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. டெல்லியில் அறிவிக்கப்பட்ட தொகை 8,000 ரூபாய். முதலில் போய்ச் சேர்ந்தது 2,000. மீதியை எப்போது தருவீர்கள், அவர்கள் பட்டினி கிடக்கட்டும் என்றா நினைக்கிறீர்கள் என்ற பொருளில் நீதிபதிகள் தலைமைச் செயலாளரைக் கேட்கும் அளவுக்கு அது போயிற்று. அதுவும் பதிவு பெற்ற தொழிலாளருக்குத்தான். பீகாரிலிருந்தோ பந்தேல்கண்டிலிருந்தோ ஒப்பந்தக்காரரின் பின்னால் வந்து, எந்த வாரியத்திலும் பெயரில்லாமல் வேலை செய்பவருக்கு அந்த எண் வெறும் வேலையிழப்பு மட்டுமே. தேக்கு மரத்தை அசைக்க முடியாத காற்று தென்னங்கீற்றைத்தான் பிய்க்கும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படாதது. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உட்பட 131 நகரங்களை உள்ளடக்கியது. 2025-26க்குள் மாசை 40 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. எந்த மாசை? நடைமுறையில் நகரங்களுக்கு மதிப்பெண் போடப்படுவது பி.எம். 10 என்ற பெரிய துகளைக் கொண்டு. நுரையீரலின் அடி வரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடிய பி.எம். 2.5 என்ற நுண்துகள் அல்ல. பெரிய துகளில் சாலைப் புழுதியின் பங்கு அதிகம். எனவே சாலையைப் பெருக்கும் இயந்திரம் வாங்கினால், தண்ணீர் தெளித்தால், நடைபாதைக்குக் கல் பதித்தால் மதிப்பெண் கூடும். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் செய்த ஆய்வின்படி, 10,566 கோடி ரூபாயில் 64 விழுக்காடு புழுதியைக் கட்டுப்படுத்தவே போயிருக்கிறது. தொழிற்சாலைப் புகைக்குச் செலவானது 0.61 விழுக்காடு. நகராட்சி அதிகாரியை இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் எந்த அலுவலகமும் செய்யும். பிழை வினாத்தாளில் இருக்கிறது.

புழுதியை விடத் தொந்தரவானது அனல் மின் நிலையங்களின் கதை. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு காற்றில் மாற்றமடைந்து சல்பேட் துகளாகிறது, அதுவும் பி.எம். 2.5-இல் சேர்கிறது என்பதால், 2015 டிசம்பரில் மத்திய அரசு புதிய உமிழ்வு வரம்புகளை அறிவித்து, பழைய நிலையங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. பிறகு அந்த அவகாசம் நீண்டது, மறுபடியும் நீண்டது, பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை நாட்டின் அனல் மின் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றுக்குக் கந்தக நீக்கக் கருவி பொருத்துவதிலிருந்தே விலக்களித்துவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுப்புறக் காற்றில் அந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது, செலவு மின் கட்டணத்தில் ஏறும் என்று அரசு சொல்லும் காரணங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அவை 2015-க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட செய்திகள் அல்லவே. வரம்பை அறிவித்த நாளிலும் நம் நிலக்கரி இதே நிலக்கரிதான். தேசியத் தலைநகர் வட்டாரத்தையும் பெருநகரங்களையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு இப்போது 2027 இறுதி வரை கெடு.

பத்தாண்டுகள் நீளக்கூடிய கெடு ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை டெல்லித் தமிழர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயின் கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி, மழைக்காலத்திற்கு முன் கால்வாயின் அடைப்பை நீக்கி வெள்ளம் வடியச் செய்யவேண்டும் என்ற காரணத்தால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. வெள்ளம் பொய்யல்ல. 2023 ஜூலையில் யமுனை பழைய ரயில் பாலத்தில் 208.66 மீட்டரைத் தொட்டு 1978-இன் அளவையும் தாண்டியதை நாம் பார்த்தோம்; 2024 ஜூன் 28 அன்று சப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும் பார்த்தோம். கால்வாயைத் தூர் வாரத்தான் வேண்டும். ஆயினும் சுமார் 370 குடியிருப்புகளில் பாதிக்குச் சற்றே கூடுதலானவைதான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன என்பதும், அந்த நரேலா டெல்லியின் மறு எல்லையில் இருக்கிறது என்பதும் அதே கணக்கில் சேரவேண்டியவை. எங்கள் பகுதியில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த சேலத்துக்கார அம்மா ஒருவர் சென்ற ஆகஸ்டில் மீதிச் சம்பளத்தை வாங்க வந்திருந்தார். "ஏழு மணிக்கு அங்க பஸ் ஏறுனாலும் இங்க வந்து சேர ஒம்போதரை ஆயிருதுங்க சார். ரெண்டு வீட்ல வேற ஆள் வெச்சுட்டாங்க," என்றார். தட்பவெப்ப மாற்றத்திற்கு நகரம் எப்படித் தகவமைத்துக்கொள்கிறது என்று அறிக்கைகளில் படிக்கும்போதெல்லாம் அந்த ஒன்பதரை மணி எனக்கு நினைவுக்கு வருகிறது.

காடு, வைக்கோல் எரிப்பு ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டுக்கான வன அறிக்கை நாட்டின் பரப்பில் 25.17 விழுக்காடு காடும் மரங்களும் என்கிறது. ஒரு ஹெக்டேரில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால், அது யாருடைய நிலமானாலும் என்ன மரமானாலும், காட்டுக் கணக்கில் வரும் என்பதால் தோப்பும் அதற்குள் அடங்கும். பஞ்சாபில் எரியும் வயல்களை எண்ணப் பயன்படும் செயற்கைக்கோள்கள் நண்பகலுக்குப் பின் ஒன்றரை மணி வாக்கில் கடந்துவிடுகின்றன. மாலையில் மூட்டிய தீ அந்தப் பகற்கணக்கில் விழாமல் போகலாம். எண்ணிக்கை குறைந்தது என்று எழுதும்போது எரிந்த பரப்பும் குறைந்ததா என்று சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

காற்று மாசினால் மட்டுமே நேரடியாக மரணம் நேர்ந்தது என்று நிறுவ உறுதியான தரவு இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. புள்ளியியல் தெரிந்த எவரும் அந்த 'மட்டுமே' என்ற சொல்லின் வேலையைப் புரிந்துகொள்வார்கள். அந்தக் கட்டளைக்கல்லில் உரசினால் புகையிலைகூடத் தப்பித்துவிடும். இத்தனைக்கும், மூச்சுத் திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று குறிப்பிட்ட மருத்துவமனைகளிலிருந்து கணக்கெடுக்கும் ஏற்பாடு தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்திடமே உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை நான்கு மணிக்கு வெளியிடும் குறியீட்டின் பக்கத்திலேயே அந்தக் கணக்கையும் வெளியிட்டால் புதிதாக ஒரு கருவியும் வாங்கவேண்டியதில்லை. அதே தாளில், நேற்றைய அளவுக்கு எந்தத் துறை என்ன செய்திருக்கவேண்டும், செய்ததா என்று ஒரு வரியும் இருக்கட்டும். கட்டடத் தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் தேடும் அரசுக்குச் செயலாளரின் பதவிப் பெயரை அச்சிடுவது கடினமாக இருக்காது.

தூய காற்றுத் திட்டத்தின் இந்தக் கட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்குமானது. அடுத்த கட்டத்திற்கான ஆவணம் வரும்போது அதில் எத்தனை கோடி என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்கப்போவது இரண்டு இடங்களை: மதிப்பெண் எந்தத் துகளுக்கு என்ற பகுதியையும், இலக்கு தவறினால் யார் பதில் சொல்லவேண்டும் என்ற பகுதியையும். இரண்டாவது பகுதி ஆவணத்தில் இல்லாமலே போனால், 2027 டிசம்பரில் மின் நிலையங்களின் கெடு என்னவாகும் என்பதை இப்போதே ஊகித்துக்கொள்ளலாம்.